கையாளப்பட்டது

"மேடம், நீங்க என்ன ஆளு?"

நான்காவது செஷன் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டார். குரலில் சண்டை இல்லை, கேலியும் இல்லை. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது மாதிரிதான் இருந்தது.

"அதைத் தெரிஞ்சுக்கிறது உங்களுக்கு ஏன் முக்கியம்னு தோணுது?" என்றேன். எங்கள் மனநல ஆலோசனைத் தொழிலில் இருப்பவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்வார்கள்.

அவர் சிரித்தார். "இதை நான் ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிப் பார்த்திருக்கணும் மேடம்."

அன்று மாலை கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். சிகிச்சையாளரின் சொந்த விவரத்தைக் கேட்டார், கையாளப்பட்டது. எழுதி மூன்று வருடம் ஆகிறது. கடைசி வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

அவர் வந்தது தூக்கம் வரவில்லை என்று. நெஞ்சு படபடப்பு, காலையில் ஆபீஸ் போகக் கால் வரவில்லை. (ஊரையும் வேலையையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) சென்னையில் மூன்று மாதத்தில் ஏழு வீடு பார்த்திருந்தார். யாரும் சாதியைக் கேட்கவில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார், குலசாமி கோயில் எங்கே, கறி மீன் சமைப்பீங்களா. இவ்வளவுதான். மறுநாள் போன் வரும். "சொந்தக்காரப் பையன் வர்றான் தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க."

நான் அவருக்கு அட்டவணை ஒன்று கொடுத்திருந்தேன். 1960களில் ஆரோன் பெக் தொடங்கிவைத்த அறிவாற்றல் சிகிச்சையில் இது அன்றாட மருந்து மாதிரி. மனதில் ஓடும் எண்ணத்தை எழுத வேண்டும். ஒரு பக்கம் அதற்கு ஆதரவான ஆதாரம், மறுபக்கம் எதிரான ஆதாரம். 'அடுத்தவர் மனதைப் படிப்பது' என்று ஒரு சிந்தனைப் பிழையே எங்கள் பட்டியலில் உண்டு. அவருடைய எண்ணம்: சாதியைக் கண்டுபிடித்துத்தான் வீடு தர மறுக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தை நிரப்ப நானே உதவினேன். பேச்சிலர் என்பதால் இருக்கலாம். நிஜமாகவே சொந்தக்காரப் பையன் வந்திருக்கலாம். அவர் ஒழுங்கான மாணவர், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சொந்தமாகவும் ஒன்று சேர்த்திருந்தார்: மூன்றாவது வீட்டம்மா காபி கொடுத்தார்கள்.

நல்ல உதாரணம் என்று பாராட்டினேன்.

கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேப்பர் கப்புல குடுத்தாங்க மேடம். அவங்க டம்ளர்ல குடிச்சாங்க. அப்ப இதை எந்தப் பக்கம் எழுதறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐம்பது நிமிடம் அவருடையது, என் சொந்தக் கதைக்கு அங்கே இடமில்லை. நான் இன்ன சாதி என்று சொல்லியிருந்தால், ஒன்று, 'நம்ம ஆளு' என்று சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டிருப்பார். இல்லையென்றால் எனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று பாதியை முழுங்கியிருப்பார். மூத்த ஆலோசகர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். பாதி நாள் நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

மீதிப் பாதி நாள் ஞாபகத்துக்கு வருவது வேறு. அந்த விதி கைக்கு அகப்பட்டதும் எனக்கு வந்த நிம்மதி. சிகிச்சை நெறி காப்பாற்றப்பட்டது என்ற நிம்மதியாக அது இருந்த மாதிரி தெரியவில்லை. தப்பித்தோம் என்பது மாதிரி இருந்தது.

தமிழ்நாட்டில் தப்பிப்பது சுலபம். என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது பெரிய காரியம், இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் கதவில் இருக்கும் பெயர்ப்பலகையில் என் சாதி இல்லை என்பது எனக்கு ஒரு வசதி. அவர் பெயரிலும்தான் இல்லை. அது அவருக்கு ஏழு வீட்டிலும் உதவவில்லையே.

இதை வாசிக்கிற சிலர் இந்நேரம் நான் யாரென்று கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். இந்த இடத்தில் ஒரு வரி எழுதி, இரண்டு முறை அழித்துவிட்டேன்.

இன்னொன்று, இதை அந்த ஆலோசகரிடம் சொல்லவில்லை. எங்கள் பதிவுப் படிவத்தில் சாதிக்குக் கட்டம் கிடையாது. சொந்த ஊர் உண்டு, தந்தை தொழில் உண்டு. பொருளாதார நிலையைக் கணக்கிட 1976இல் குப்புசாமி வகுத்த அளவுகோலைத்தான் இங்கே பரவலாகப் பயன்படுத்துகிறோம். குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம், இந்த மூன்றும் போதும். சாதி அதில் வராது. ஆனால் முதல் நாள் அவர் படிவத்தில் ஊரையும் அப்பாவின் தொழிலையும் படித்தபோதே, அவர் உள்ளே வந்து உட்காரும் முன்பே, எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை, நான் முயற்சி செய்யவும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கேட்ட இரண்டு கேள்வி, என் மேஜையில் அச்சடித்து இருந்தது. அப்புறம் அவரிடமே 'ஆதாரம் என்ன' என்று கேட்டேன்.

2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி, மதம், வர்க்கம் எதன் பேராலும் பாகுபாடு இல்லாமல் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. நான் பாகுபாடு காட்டவில்லை. அதே கட்டணம், அதே ஐம்பது நிமிடம், அதே நாற்காலி. சட்டம் என்னை ஒன்றும் கேட்காது.

ஃபிரான்ஸ் ஃபானோன், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தவர். சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டவர்களை இந்த மருத்துவம் என்ன செய்துவிடும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு 1956இல் வேலையை விட்டார். பயிற்சிக் காலத்தில் அதைப் படித்து நெகிழ்ந்திருக்கிறேன். 'நீங்க என்ன ஆளு' என்று கேட்கப்பட்ட அன்று எனக்கு 4 மணிக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் இருந்தது.

அவர் இன்னும் இரண்டு செஷன் வந்தார். தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசினார். படுக்கையில் போன் பார்ப்பதில்லை, மாலையில் காபி குடிப்பதில்லை. மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 17 இருந்த மதிப்பெண் 8க்கு இறங்கியது. வீடும் கிடைத்துவிட்டது, நண்பர் பெயரில். பெயர்ப்பலகை வைக்கவில்லை என்றார். தாளைப் பார்த்தால் நல்ல கேஸ். அவருக்கு நிஜமாகவே குணமாகியிருக்கவும் கூடும், ஏன் கூடாது? இல்லை, என்னிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று அவர் படித்துக்கொண்டாரா? அதைக் கேட்க எனக்கு இரண்டு செஷன் இருந்தது. கேட்கவில்லை.

தந்தை தொழில் என்ற கட்டத்தை எடுத்துவிடச் சொன்னேன். ஒரு மாதம் தாண்டவில்லை. தறி நின்றுபோன வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் அப்பா என்ன வேலை செய்தார் என்பது தெரியாமல் அவள் பயம் எனக்குப் புரிந்திருக்காது, வாய்விட்டுக் கேட்டேன். கட்டம் திரும்பி வந்தது. பக்கத்தில் 'விருப்பமிருந்தால்' என்று சேர்க்கச் சொன்னேன்.

இதுவரை ஒருவரும் அதைக் காலியாக விட்டதில்லை.