ஒரு டிரெயினுக்கு ரெண்டு பொங்கல்

எந்த ஊருன்னு சொல்லல, தமிழ்நாட்டுல இருக்குற 25 மாநகராட்சில ஒண்ணுன்னு வச்சுக்கங்க. எங்க வார்டு பெண்கள் வார்டா மாறினதால 2022 பிப்ரவரி எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சவ நான். நாலாவது தெரு சைடு டிரெயின், அதான் தெருவோரம் மழைத்தண்ணி போற கால்வா, எப்படி வந்துச்சுன்னு பக்கத்து வார்டு ஆளுங்க கூட கேக்குறாங்க, அதான் உக்காந்து எழுதுறேன்.

2023 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துக்கு ஏரியா சபைக் கூட்டம், அதாவது ஏரியா மக்கள் கூடிக் குறையச் சொல்ற கூட்டம். வந்ததே முப்பது பேருதான், அதுல பன்னெண்டு பேரு நாலாவது தெரு. மழை பெஞ்சா வாசல்ல முட்டியளவு தண்ணின்னு மனு குடுத்தாங்க, நானும் மைக்கப் புடிச்ச வேகத்துல "பொங்கலுக்குள்ள முடிச்சுத் தர்றேன்"னுட்டேன். கவுன்சிலருக்கு கையெழுத்துப் போட்டு பணம் ஒதுக்குற அதிகாரமெல்லாம் கிடையாதுங்க. அந்த வருசம் ஜூலைல இருந்து மாசம் 10,000 ரூபா மதிப்பூதியம் வருது, மத்தபடி லெட்டர் எழுதலாம், மன்றத்துல பேசலாம், ஃபைல் யாரு டேபிள்ல கெடக்குன்னு நேர்ல போய் பாக்கலாம், அவ்ளோதான்.

மொதல்ல எஸ்டிமேட். மாநகராட்சி ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) வந்து டேப் புடிச்சு அளந்துட்டுப் போனாரு, மெயின் ரோடு டிரெயின்ல கொண்டுபோய் சேக்குறதா போட்டுட்டாங்க. அந்தத் தெருவுல பெட்டிக்கடை வச்சிருக்குற பெரியவர்தான் என்னைக் கூப்புட்டு, "ஏம்மா, தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"ன்னு கேட்டாரு. பாத்தா அவரு சொல்றது சரி. மெயின் ரோட்ட ஒவ்வொரு தடவையும் பழசச் சுரண்டாம அது மேலயே போட்டுப் போட்டு ஒசத்தி விட்டுட்டாங்க, தெரு பள்ளமாயிடுச்சு, வீட்டுப் படியெல்லாம் ரோட்டுக்குக் கீழ. இந்த டிரெயினக் கட்டியிருந்தா மெயின் ரோட்டுத் தண்ணி திரும்ப தெருவுக்குள்ளதான் வந்திருக்கும். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) கிட்ட போய் நின்னேன், மொதல்ல அவருக்குப் புடிக்கல, "டெக்னிக்கல் விஷயம் மேடம்"னாரு. மேடு பள்ளம் அளக்குற டம்பி லெவல் கருவிய வச்சுப் பாத்துட்டு சொல்லுங்க சார்னு விடல. பாத்தாங்க, சரிவ மாத்தி பின்னாடி ஓடைப் பக்கம் திருப்பி புது எஸ்டிமேட் போட்டு வர்றதுக்குள்ள பிப்ரவரி ஆயிடுச்சு. சொன்ன பொங்கல் எப்பவோ போயிடுச்சு.

அந்தப் பொங்கலப்ப வாங்குன திட்டு இருக்கே. ஒரு அக்கா ஃபோன் பண்ணி, "ஒங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, அவர்கிட்ட பேசிக்கிறேன்"னாங்க. கவுன்சிலர் நான்தாங்க்கா, அவரு சோறு வடிச்சிட்டு இருக்காருன்னேன்.

அன்னைலருந்து தேதி சொல்றத விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா தெரு குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ், ஃபைல் இப்ப எங்க இருக்கு, அடுத்து யாரு கையெழுத்து, அவ்ளோதான். நகரலன்னா நகரலன்னே சொல்லிருவேன்.

மார்ச் மாச மன்றக் கூட்டத்துல இந்த வேலைய ஒப்புதலுக்கு சப்ஜெக்டா வைக்கலாம்னு இருந்தப்ப 2024 மார்ச் 16 எம்.பி. எலெக்‌ஷன் அறிவிப்பு, நடத்தை விதி, ஜூன் 6 வரைக்கும் எல்லாம் படுத்துருச்சு. இங்க ஓட்டுப் பதிவு ஏப்ரல் 19லயே முடிஞ்சாலும் நாடு முழுக்க முடியணும்ல. பன்னெண்டு வாரமும் "நகரல"ன்னே மெசேஜ் போட்டேன், ஒருத்தரு கடுப்புல தூங்குற ஸ்டிக்கர் போட்டாரு. ஜூன் கடைசில மன்றத்துல வந்துச்சு, நான் பேச ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தேன், மேசையத் தட்டி "ஆல் பாஸ்"னு நாப்பது சப்ஜெக்டோட அதுவும் போயிடுச்சு, பேப்பர மடிச்சு பேக்ல வச்சுக்கிட்டேன். டெண்டருக்கு ஒரே ஒருத்தர்தான் போட்டாரு, அதனால ரீ-டெண்டர். செப்டம்பர்ல வொர்க் ஆர்டர், பள்ளம் தோண்டுன மறுவாரமே மழை, தோண்டுன குழி நெறையத் தண்ணி. மழை விட்டு மறுபடி ஆரம்பிச்சு 2025 பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் டிரெயின மூடுற ஸ்லாப் போட்டாங்க. "பொங்கல்னு சொன்னீங்க, எந்தப் பொங்கல்னு சொல்லலையே கவுன்சிலரம்மா"ன்னு பெட்டிக்கடை பெரியவர் சிரிக்கிறாரு.

இன்னும் மூணு வீட்டு வாசல்ல ஸ்லாப் பாக்கி, அங்க வண்டி ஏத்துற சாய்தளம் டிரெயினுக்கு மேல வந்து நிக்குது, இடிக்க விட மாட்டேங்குறாங்க. செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு ஜே.இ. அளக்க வர்றாரு, நானும் வர்றேன், அந்த மூணு வீட்டுக்காரங்களும் வண்டிய மட்டும் கொஞ்சம் எடுத்து வச்சிருங்க.