வாயைப் பிளக்கும் மீன்

"பசியில வாயைப் பிளக்குது பாருடா" என்று சித்தப்பா தவிட்டு வாளியைத் தூக்கினார்.

கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் அவர் குத்தகைக்கு எடுத்த குளம். காலை 5.30 மணி. கட்லாவோடு ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ரோகு நடுத்தண்ணீர் மீன், சும்மா மேலே வராது. ஆள் நின்றும் உள்ளே ஓடவில்லை.

"மூச்சு முட்டுது சித்தப்பா."

இரவெல்லாம் பாசியும் மீனும் ஆக்சிஜனை இழுத்துவிடும். விடியும்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். தின்னாத தீனி அடியில் அழுகினால் இன்னும் மோசம். குச்சியால் கிளறினேன். கறுப்புச் சேறு, புளித்த புண்ணாக்கு வாடை.

குளத்தில் 300 கிலோ மீன். அதன் எடையில் 2 சதவீதம் தீனி என்றால் ஒரு நாளைக்கு 6 கிலோ. அவர் போட்டது 15 கிலோ.

திட்ட மனசு வரவில்லை. விருந்தாளி இலையை மூடும்வரை "இன்னும் கொஞ்சம்" என்று வைத்துப் பழகிய கை அது. பெங்களூருக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் மாறவில்லை. மீனுக்கோ போதும் என்று சொல்ல வழி இல்லை.

போர் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அப்புறம், தவிடும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிடுவது என்று முடிவு. சாக்கில் மிஞ்சினால் மறுநாள் குறைக்கணும். மேகமூட்டமான நாளிலும் குறைக்கணும்.

வெயில் ஏறியதும் மீன்கள் உள்ளே இறங்கின. சித்தப்பா வாளியை அப்போதுதான் கீழே வைத்தார்.