பதினாறில் நான்கு மட்டும் விழித்திருந்த சர்வர்

என் பொறுப்புக்கு வந்த லினக்ஸ் சர்வரில் இருந்தது 8 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) செயலி. கோருக்கு 2 இழை (ஒரே கோரில் ஒரே நேரத்தில் ஓடும் கட்டளை வரிசை) என்று பார்த்தால் இயங்குதளத்துக்கு 16 தருக்கச் செயலிகள், அதாவது இழைக்கு ஒன்று, தெரிய வேண்டும். செயலிகளை எண்ணிச் சொல்லும் 'என்பிராக்' கட்டளையோ 4 என்று பதில் சொன்னது. இதற்கெல்லாம் புதிய இயந்திரம் கேட்பது வீண்செலவு. இருப்பதை எது மறைக்கிறது என்று முதலில் தேட வேண்டும்.

செயலி விவரங்களைக் காட்டும் 'எல்எஸ்சிபியூ' கட்டளையின் ஆன்லைன் பட்டியலில் 0-3 இருந்தது (எண்ணிக்கை 0இல் தொடங்கும்). அடுத்த வரியில், ஆஃப்லைன் 4-7. அந்த இரண்டாவது வரியைப் பலர் படிப்பதே இல்லை. ஆஃப்லைன் என்று ஒரு செயலி பட்டியலில் வந்தாலே, கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) அதைத் தெரியும், எழுப்பாமல் விட்டிருக்கிறது என்று பொருள். துவங்கும்போது கெர்னலுக்குத் தரப்படும் அமைப்புகள் உள்ள துவக்கக் கட்டளை வரியைத் திறந்தேன்: 'மேக்ஸ்சிபியூஸ்=4', அதாவது துவக்கத்தில் 4 செயலிகளை மட்டும் எழுப்பு. எப்போதோ ஏதோ சோதனைக்காக யாரோ சேர்த்து, அப்படியே விட்டுப்போயிருக்கிறார்கள். கெர்னல் கையாளும் செயலிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு போடும் 'என்ஆர்-சிபியூஸ்' என்ற மற்றொரு அளவுரு இருந்திருந்தால் மறுதுவக்கம் ஒன்றே வழி. இங்கே அந்தத் தொல்லை இல்லை. முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக, கெர்னல் அமைப்புகளைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் 4ஆம் செயலிக்குரிய 'ஆன்லைன்' கோப்பில் 1 என்று எழுதினேன். உடனே அது வேலைக்கு வந்துவிட்டது. பிறகு லினக்ஸைத் துவக்கும் கிரப் நிரலின் அமைப்பிலிருந்து 'மேக்ஸ்சிபியூஸ்=4' என்பதை நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, மறுதுவக்கம் செய்தேன்.

இப்போது 8. ஒரு கோருக்கு ஓர் இழை என்றே காட்டியதால், அடுத்த தடை பயாஸில்தான் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் வன்பொருள் அமைப்பு நிரல்) இருக்க வேண்டும். அங்கே ஒரு கோரில் 2 இழைகளை ஓட்டும் ஹைப்பர்-திரெடிங் அணைக்கப்பட்டிருந்தது. இதை யோசித்துத்தான் மாற்ற வேண்டும். 2018இல் எல்1டிஎஃப் போன்ற செயலிப் பாதுகாப்புக் குறைகள் வெளிவந்தபின், அந்நியர்களின் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் சர்வர்களில் இதை அணைத்து வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. இதில் ஓடுபவை எங்கள் நிரல்கள் மட்டுமே என்பதால் இயக்கினேன். 0-15 என்று முழுப் பட்டியலும் வந்தது. ஒரே கோரில் உள்ள இழைகளைக் காட்டும் உடன்பிறப்புப் பட்டியலில், 0ஆம் செயலிக்கு '0,8' என்று இருந்தது. அதாவது 0, 8 இரண்டும் ஒரே கோரைப் பகிர்கின்றன. ஆகவே எட்டு பதினாறாக ஆனதால் வேகம் இரட்டிப்பாகும் என்று எண்ணக் கூடாது. நிரலைத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) வேலையில் ஓரளவு பலன் தெரிந்தது. கணக்கீட்டு அலகுகளை ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் எண்கணித வேலையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. நான்கு எட்டாக ஆனதுதான் உண்மையான ஆதாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் முக்கியமான சேவை மட்டும் பழைய வேகத்திலேயே ஓடியது. இயங்கும் நிரல்களின் சுமையைக் காட்டும் 'டாப்' திரையில் 1ஐ அழுத்தினால் செயலிவாரியாகப் பிரித்துக் காட்டும்: முதல் நான்கும் திணறின, மற்றவை சும்மா இருந்தன. அந்தச் சேவையின் தற்போதைய நிலையைக் கெர்னல் காட்டும் நிலைக் கோப்பில், அனுமதிக்கப்பட்ட செயலிகள் 0-3 என்றே இருந்தது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அலகுக் கோப்பில் (அந்தச் சேவைக்கான அமைப்புக் கோப்பு) எந்தச் செயலிகளில் ஓடலாம் என்று சொல்லும் 'சிபியூ அஃபினிட்டி' என்றொரு வரி அதைக் கட்டிப்போட்டிருந்தது. வரியை நீக்கி, சிஸ்டம்டியை மறுபடி ஏற்றி, சேவையைத் திரும்பத் தொடங்கினேன். நிலைக் கோப்பு 0-15 என்றது. 'டாப்' திரையில் பதினாறு செயலிகளின் சுமையும் ஏறத் தொடங்கியது.