100 மில்லிகிராம் கால்சியத்துக்கு எத்தனை கலோரி?

எடையைக் கவனிப்பவர்கள் ஃபிளேவர்டு மில்க் பாட்டிலைத் திருப்பிக் கலோரி எண்ணைப் பார்ப்பார்கள், உடனே கீழே வைத்துவிடுவார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கத்தில் இருக்கும் கால்சியம் எண்ணையும் சேர்த்து ஒரே ஒரு கணக்குப் போட வேண்டும்: இந்தப் பாலில் 100 மி.கி. கால்சியம் கிடைக்க எத்தனை கலோரி உள்ளே போகிறது?

கொழுப்பு நீக்கிய வெறும் பால் 200 மி.லி. எடுத்தால் சுமார் 70 கலோரி, 245 மி.கி. கால்சியம். 100 மி.கி.க்கு 29 கலோரி ஆகிறது. கொழுப்பு எடுக்காத பாலில் 125 கலோரி, 235 மி.கி.; அப்போது 53. அதே பாலில் சர்க்கரையும் சாக்லேட்டும் சேர்ந்தால் 170 கலோரிக்கு வந்து நிற்கும், கால்சியம் 230-ஐத் தாண்டாது. கணக்கு 74. கிடைக்கும் கால்சியம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கலோரி மட்டும் இரண்டரை மடங்கு.

கொழுப்பை எடுத்தால் சத்தும் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. கால்சியத்தைப் பொறுத்தவரை அது தேவையில்லாத பயம். பாலில் உள்ள கால்சியத்தில் பெரும்பகுதி கேசீன் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கிறது, மீதி நீரில் கரைந்திருக்கிறது. கொழுப்பில் இருப்பது மிகச் சொற்பம். ஆடையோடு போவது வைட்டமின் ஏ-யும் டி-யும். கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி தேவை என்பதால், கொழுப்பு நீக்கிய பால் வாங்கும்போது டி சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மி.கி. தேவை என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் தந்திருக்கும் அளவு. 10 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 65 வயது கடந்த ஆண்களுக்கும் 1300. இது முழுவதையும் பாலிலேயே எடுத்துவிடப் பார்க்காதீர்கள். தயிர், கீரை, மீன், பருப்பு என்று மற்ற உணவுகளும் ஒரு பங்கைத் தரும். சுவை சேர்த்த பால் இரண்டு தம்ளர் போதும்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது எண் 100 மி.லி.க்கா, முழுப் பாட்டிலுக்கா என்பது. 100 மி.லி.க்குச் சுமார் 115-லிருந்து 125 மி.கி. கால்சியம் இருந்தால் அது பெரும்பாலும் பால்தான். 60, 70 என்று இருந்தால் தண்ணீரோ மோர்த்தெளிவோ கலந்த ‘பால் பானம்’. சுவை மறைத்துவிடுவதால் குடிக்கும்போது வித்தியாசம் தெரியாது. அடுத்தது சர்க்கரை. பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை 100 மி.லி.க்கு 5 கிராம் அளவில் இருக்கிறது. 200 மி.லி. பாட்டிலில் மொத்தச் சர்க்கரை 20 கிராம் என்று போட்டிருந்தால் அதில் 10 பாலுடையது, மீதி 10 வெளியிலிருந்து வந்தது, அதாவது இரண்டரை தேக்கரண்டி. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்பது 25 கிராம். இப்படி ஒரு பாட்டிலிலேயே அதில் பாதிக்கு அருகில் போய்விடுகிறது.

வீட்டில் செய்தால் இந்தக் கணக்கை நம் பக்கம் திருப்பலாம். கைகொடுப்பது கொழுப்பு நீக்கிய பால் பவுடர். 10 கிராம் பவுடரில் சுமார் 125 மி.கி. கால்சியம், 36 கலோரி. ஒரு தம்ளருக்கான அளவு இது: கொழுப்பு நீக்கிய பால் 200 மி.லி., அந்தப் பவுடர் 10 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 5 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி (4 கிராம்), வெனிலா எசன்ஸ் இரண்டு சொட்டு, ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உப்பு. மொத்தம் 135 கலோரிக்குள், கால்சியம் 375 மி.கி. அளவு. 100 மி.கி.க்கு 36 கலோரி. இரண்டு தம்ளரிலேயே 750 மி.கி. வந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் குடிக்க வேண்டாம். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் உடல் எடுத்துக்கொள்ளும் விகிதம் குறையும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறையில் வரிசை முக்கியம். பால் பவுடரைச் சூடான பாலில் கொட்டினால் வெளிப்பக்கம் நனைந்து மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவாகவே கட்டி நிற்கும். ஆறிய பால் கால் தம்ளரில் முதலில் கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கோகோ இதற்கு நேர்மாறு. அதில் கொழுப்பு இருப்பதால் குளிர்ந்த பாலில் நனையாமல் மேலே மிதக்கும். இரண்டு மேசைக்கரண்டி சூடான பாலில் சர்க்கரையோடு சேர்த்துக் குழைத்து விழுதாக்கிய பிறகு, மீதிப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கரைத்த பவுடரைக் கடைசியில் சேருங்கள், சேர்த்தபின் கொதிக்க விடாதீர்கள். புரதமும் லாக்டோஸும் கூடிய பால் எளிதில் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் வாசனையை எந்த எசன்ஸாலும் மறைக்க முடியாது. ஆறியதும் கோகோ அடியில் தங்குவது இயல்பு. கடைப் பாட்டிலில் அப்படி ஆகாமலிருக்கக் கராஜீனன் போன்ற கெட்டிப்பொருள் சேர்ப்பார்கள், வீட்டில் மூடி போட்டுக் குலுக்கினால் போதும். ‘டிரிங்கிங் சாக்லேட்’ என்று விற்பது கோகோ அல்ல. பெரும்பாலும் சர்க்கரைதான் அதில். சாக்லேட் சிரப் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் அதுவே 100 கலோரியைத் தொடும்.

கோகோவில் ஆக்ஸலேட் இருக்கிறதே, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்கும், ஆனால் 5 கிராம் கோகோ 375 மி.கி. கால்சியத்தில் உண்டாக்கும் குறைவு கவலைப்படும் அளவில் இல்லை.

சர்க்கரையை இன்னும் குறைக்க ஓர் அழகான வழி, லாக்டோஸ் நீக்கிய பாலை வாங்குவது. அதில் லாக்டோஸை எடுத்துவிடுவதில்லை, லாக்டேஸ் நொதியால் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைக்கிறார்கள். இவை லாக்டோஸைவிட இனிப்பு. அதனால் ஒரு கலோரியும் கூடாமல் பால் இனிக்கும், கால்சியமும் அப்படியே இருக்கும். இந்தப் பாலில் மேலே சொன்ன ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டுவிட்டாலும் பலருக்குப் போதும். கடும் குளிர்ச்சி நாக்கின் இனிப்புணர்வை மங்கச் செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐஸ் போட்டுக் குடித்தால் கை சர்க்கரையைத்தான் தேடும். வெனிலா, பட்டை, ஏலக்காய் ஆகியவை இனிப்பான பண்டங்களோடு பழகிய மணங்கள், அவை இருந்தால் குறைந்த சர்க்கரையும் போதுமானதாகத் தோன்றும். செயற்கை இனிப்பிகளை எடைக் குறைப்புக்காக எடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் சாய்வும் அந்தப் பக்கம்தான்: இனிப்பை மாற்றுவதைவிட, வாரத்துக்கு அரைக் கிராமாகக் குறைத்துக்கொண்டு வருவது நிலைத்து நிற்கும்.

பழம் சேர்க்க விரும்பினால் குளிர்ந்த பாலில் அடித்து உடனே குடியுங்கள். ஸ்ட்ராபெர்ரி போன்ற புளிப்புப் பழத்தைச் சூடான பாலில் போட்டால் திரிந்துவிடும். அன்னாசியிலும் கிவியிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு, கொஞ்ச நேரம் வைத்தாலே பால் கசக்கும். கால்சியம் எங்கும் போகாது, ஆனால் வாயில் வைக்க முடியாது.

பாதாம் பொடி போட்டால் கால்சியம் ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. 10 கிராம் பாதாமில் 27 மி.கி. கால்சியம், 58 கலோரி. 100 மி.கி.க்கு 215 கலோரி என்று ஆகிறது. சுவைக்காகப் போடுங்கள், கால்சியத்துக்காகப் போடாதீர்கள். பாதாம் பாலோ ஓட்ஸ் பாலோ குடிப்பவர்கள் ‘கால்சியம் சேர்க்கப்பட்டது’ என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். அந்தக் கால்சியம் தூளாக அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் கால்சியம் பெட்டியிலேயே தங்கிவிடும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுக்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் பால் பவுடர் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும், அதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செறிவாக இருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இந்தப் பாலுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.