வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே குடிவந்த முதல் வாரம். காய்கறி வாங்கப் போன கடையின் கண்ணாடிக் கதவில் நீளமாக ஓர் அறிவிப்பு, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், கொட்டை கொட்டையான எழுத்தில். நாயைக் கூட்டி வராதீர்கள் என்ற மாதிரி ஏதோ இருக்கும் என்று இரண்டு தடவை கடந்து போய்விட்டேன். மூன்றாம் தடவைதான் நின்று படித்தேன். துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு உள்ளே வரக் கூடாதாம். "அப்போ மறைத்து வைத்துக்கொண்டு வரலாமா?" என்று கணவரிடம் கேட்டேன். அதற்குத் தனி அறிவிப்பு இருக்கிறது, இந்தக் கடையில் ஒட்டவில்லை என்றார். அன்றைக்குப் பக்கத்தில் நின்றவரின் சட்டையைப் பார்த்துக்கொண்டேதான் தக்காளி பொறுக்கினேன்.

ஊரில் பெரியப்பாவிடம் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருவார். டெக்சஸிலோ, 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடை இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் கைத்துப்பாக்கி எடுத்துப் போக லைசென்ஸே தேவையில்லை.

அடுத்த வருடம் மே 24. இதே டெக்சஸின் யுவால்டியில் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது 18. பிறந்தநாள் முடிந்த சில நாட்களில், கடையில், முறைப்படி வாங்கிய துப்பாக்கி. போலீஸ் உள்ளே போகாமல் வகுப்பறைக்கு வெளியே நின்றது 77 நிமிடம். என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியாதது அந்த 77 தான்.

கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின, பிரார்த்தனைகள் வந்தன. அதே வாரம் ஹியூஸ்டனில், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமும் நடந்தது; வெளியே இறந்த குழந்தைகளின் படங்களோடு ஒரு கூட்டம், உள்ளே துப்பாக்கிக் கண்காட்சி. எங்கள் தமிழ் வாட்சாப் குழுவும் இரண்டாகப் பிரிந்தது. தடை செய்ய வேண்டும் என்று பாதிப் பேர். மீதிப் பேரில் ஒருவர், தானும் ஒன்று வாங்கிவிட்டதாகப் படம் போட்டார். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்ட அதே மனிதர்.

ஒரு மாதத்தில் வாஷிங்டனில் சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் வாங்கினால் பின்னணியைக் கூடுதலாகத் துருவுவார்கள். அவ்வளவுதானா என்று இருந்தது. பல வருடங்களில் முதல் தடவையாக இவ்வளவாவது நடந்ததே என்றார் உடன் வேலை செய்பவர். 2023 மே 6 அன்று நாங்கள் துணி வாங்கப் போகும் ஆலன் அவுட்லெட் மாலில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, சில வகை ரைஃபிள்களை 21 வயதுக்குமேல்தான் விற்கலாம் என்ற மசோதா டெக்சஸ் சட்டசபைக் குழுவில் தேறியது. ஆச்சரியப்பட்டேன். கெடு தாண்டி அது அப்படியே செத்தும் போனது.

அப்புறம் ஒரு நாள், மிதித்தால் மினுக்கும் ஷூ வேண்டாம் என்று மகள் அடம்பிடித்தாள். அவளே கெஞ்சி வாங்கியது.

"ஏண்டி?"

"லாக்டவுன் டிரில்ல லைட்ட அணைச்சிடுவாங்கம்மா. இது எரிஞ்சா நாங்க எங்க ஒளிஞ்சிருக்கோம்னு தெரிஞ்சிடும்ல."

துப்பாக்கிக்காரன் வந்தால் ஒளிந்துகொள்ளப் பள்ளியில் நடத்தும் ஒத்திகை அது. சோற்றில் தயிர் போடச் சொல்லும் அதே குரலில் சொன்னாள். அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளை ஷூ வாங்கினோம்.

வகுப்புத் தோழி வீட்டுக்கு அவளை விளையாட அனுப்ப வேண்டிய நாள் வந்தது. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கிடைக்கும்படி துப்பாக்கியை விட்டுவைத்தால் இங்கே குற்றம்தான். ஆனால் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது யார்? கேட்டுவிடு என்றார்கள் பழைய அம்மாக்கள். ஒருவர் வீட்டில் போய் அதை எப்படிக் கேட்பது? காருக்குள்ளேயே நாலு தடவை ஒத்திகை பார்த்தேன்.

வாசலிலேயே கேட்டும்விட்டேன். தோழியின் அம்மா முகம் மாறவில்லை. "நாலு இருக்கிறது. எல்லாம் பெட்டகத்தில். குண்டுகள் வேறு இடத்தில். உங்கள் வீட்டில்?"

இல்லை என்றேன்.

"சரி. பின்னால் நீச்சல் குளம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு நீச்சல் தெரியுமா?"