பெரட்டு கலைஞ்சிருச்சு அண்ணே

அப்பாவின் கண்ணாடியும் பல்செட்டும் இரண்டு நாளாக என் கைப்பையில்தான் இருந்தன. ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப்போகும் முன் நர்ஸ் கழற்றிக் கொடுத்தார். கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டேன். அப்புறம் அதை மறந்தே போனேன். வீட்டுப் பெரியவர்களை ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்கும் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், மற்றதை விட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள். அவர்கள் கண் விழித்ததும் கண்ணாடியை மாட்டிவிடுங்கள்.

ஐப்பசி மழை நேரம். கோத்தகிரி பக்கம் எங்கள் வீடு, ரோட்டிலிருந்து 11 படி கீழே. விடியற்காலையில் விறகு எடுக்கப் போன அப்பா பாசி பிடித்த படியில் சறுக்கி விழுந்துவிட்டார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறேன். அத்தை போன் பண்ணியபோது ஷிப்டே தொடங்கவில்லை. கோத்தகிரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். இடது தொடை எலும்பு, இடுப்புக் கிண்ணத்தில் உட்காரும் உருண்டைக்குக் கீழே கழுத்து மாதிரி இருக்கும் இடத்தில் முறிந்திருந்தது. அங்கே முறிந்து விலகினால் உருண்டைக்குப் போகும் ரத்தமும் தடைபடும், 71 வயதில் அதை ஒட்ட வைப்பதைவிட எடுத்துவிட்டு உலோகத்தில் வைப்பதுதான் சரி என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். தம்பிக்குப் போன் போட்டு, "அப்பா நின்னுட்டாருடா" என்று அழுதேன்.

அன்று ராத்திரிதான் அது வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழப் பார்த்தார். கையில் இருந்த ஊசியைப் பிடித்து இழுத்தார். "பெரட்டுக்கு மணி அடிச்சாச்சு. என் கத்தி எங்கே? கணக்கப்புள்ள பேர் போட மாட்டாரு" என்று சத்தம் போட்டார். நான் யார் என்றே தெரியவில்லை. "அப்பா, இது ஆஸ்பத்திரி. நான் உங்க மகப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் சத்தம்தான் கூடியது. இவள் யாரோ, என்னை வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஒரே ராத்திரியில் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

வெளி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த அத்தை சத்தம் கேட்டு உள்ளே வந்தது. அப்பாவுக்கு நேர் இளைய தங்கச்சி. கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டது.

"பெரட்டு கலைஞ்சிருச்சு அண்ணே. பெருமழை. இன்னிக்கு வேலை இல்லேன்னு கங்காணி சொல்லிட்டாரு. நீங்க படுங்க."

அப்பா அத்தையை உற்றுப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான். ஆளுங்க எல்லாம் லயத்துக்குத் திரும்பிட்டாங்க."

அப்பா படுத்துவிட்டார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மழை நாளில் வீட்டில் படுப்பாரே அதே மாதிரி.

பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கணக்கப்பிள்ளை பேர் போட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது. லயம் என்பது அந்த ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அப்பா சொன்னது கோத்தகிரி பெரட்டு இல்லை. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் அவர் இளந்தாரியாக நின்ற பெரட்டு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. 1973இல், அப்பாவுக்கு 19 வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரி வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968லேயே இங்கே தேயிலை போட ஆரம்பித்திருந்தது. 1976இல் அது டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அப்பா ரிட்டையர் ஆகும்வரை அதில்தான் வேலை, பெரும்பாலும் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுவது. சிலோன் கதையை அவர் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. பேசினால் தேங்காய் ரொட்டி, சம்பல் அளவில் நிறுத்திக்கொள்வார். அந்தக் கணக்கப்பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் நான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது உண்டு, ராத்திரியில் கூடும், பகலில் தெளியும், பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும் என்றார். காய்ச்சல், ரத்தத்தில் உப்பு, சிறுநீர் எல்லாம் சோதிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "கண்ணாடி போடுவாரா?"

கைப்பையைத் திறக்கும்போது என் கை நடுங்கியது. இரண்டு நாளாக அப்பா கண்ணுக்கு எல்லாமே புகைதான். பல் இல்லாமல் கஞ்சிகூடச் சரியாக இறங்கவில்லை. கண்ணாடியை மாட்டியதும் என்னைப் பார்த்தார். "நீ எப்ப புள்ள வந்த?" என்றார்.

அதன்பிறகு கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினோம். பகலில் அதிகம் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தோம். ராத்திரி அத்தை பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அடுத்த இரண்டு ராத்திரி கொஞ்சம் உளறல், பிறகு அதுவும் இல்லை. இப்படி வரலாம் என்று ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ராத்திரி நான் அவரோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்த நாளில் பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்காலியோடு தூக்கி 11 படியும் இறக்கினார்கள். கட்டில் கால்களுக்கு ஹாலோபிளாக் வைத்து உயர்த்தினோம். தாழ்வாக உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. குந்தி உட்கார்ந்தே பழகிய மனிதருக்குக் கமோடு நாற்காலிதான் பெரிய கஷ்டம். வெட்கத்தில் முதல் இரண்டு நாள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். தம்பி பேசித்தான் சரியானது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். கூடவே, இப்படி விழுந்து எழாமலே போன யாருடைய கதையையாவது சொன்னார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அத்தை ஒரு சட்டம் போட்டது: "பாக்க வர்றவங்க அண்ணன் கூட வாசல் வரைக்கும் ஒரு தடவ நடந்துட்டு வரணும். அப்பறந்தான் தேத்தண்ணி." சொன்னபடியே செய்தது. பொழுது சாய்ந்தால் பாதையில் காட்டெருமை நிற்கும் என்பதால் எல்லோரும் பகலிலேயே வந்தார்கள். அப்பா நாளுக்கு நாலு தடவை நடந்தார். கூட நடப்பவரிடம் கதை கேட்க மூச்சு ஏது? காலைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் ஏறிப் போய்வந்தேன். மார்கழியில் வாக்கரின் அலுமினியப் பிடி விடியற்காலையில் தொட முடியாமல் ஜில்லென்று இருக்கும். அத்தை பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி இரண்டு பிடிக்கும் சுற்றித் தைத்திருந்தது, பச்சை நூலில்.

ஒரு ஞாயிறு அப்பா எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பை அறுத்த இடத்தை விரலால் தடவினார். "சாய்ச்சு வெட்டியிருக்காரு பாரு. கவ்வாத்தும் இப்படித்தான். நேரா வெட்டுனா தண்ணி நின்னு தண்டு அழுகிப்போகும்" என்றார்.

அந்த ராத்திரியைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். எதுவும் நினைவில்லை என்றார். கத்தியைத் தேடினீர்கள், கணக்கப்பிள்ளை பேர் போட மாட்டார் என்றீர்கள் என்று சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "ஒரு நாள் பிந்திப் போனேன். பேர் போடல. அன்னிக்கு வீட்டுல எல்லாருக்கும் ஒரு ரொட்டிதான்" என்றார்.

நேற்று படி ஏறினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நான். ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மீதி நாலையும் ஏறி ரோட்டில் நின்றார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாக்கரைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் இருந்த ரப்பர் நான்கும் தேய்ந்து அலுமினியம் தெரிந்தது.

"அடுத்த வாரம் வரும்போது இதுக்கு ஒரு செட்டு வாங்கிட்டு வா புள்ள."