ஆர்க்கிடெக்ட்னு போர்டு வைக்க யாருக்கு உரிமை?

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் வீடு கட்டப் போறவங்க கவனத்துக்கு.

பேருக்குப் பின்னால 'ஏஐஐஏ'ன்னு இருந்தா, இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் உறுப்பினர்னு அர்த்தம். 1917-ல பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி முன்னாள் மாணவர்கள் ஆரம்பிச்ச சங்கம். 1929-லதான் இந்தப் பேர் வந்துச்சு. தொழிலோட மரியாதையைக் காப்பாத்துன அமைப்பு. ஆனா அதுல சேருறது அவரவர் விருப்பம். 'ஆர்க்கிடெக்ட்'னு போட்டுக்கிடத் தேவையான பதிவைக் கொடுக்குற அதிகாரம் அதுக்கில்ல.

பதிவு கொடுக்குறது, 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அமைஞ்ச கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரோட வேலை. பதிவு இல்லாதவரும் வீட்டை வடிவமைக்கலாம், 'ஆர்க்கிடெக்ட்'னு மட்டும் போட்டுக்கிடக் கூடாதுன்னு 2020-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்க: 'சிஏ', ஆண்டு, வரிசை எண். கவுன்சில் இணையதளத்துல போட்டு மூணு விஷயம் பாருங்க. பேர் சரியா? புதுப்பிச்சிருக்காரா? பிளான்ல கையெழுத்துப் போட்டவரும் அவர்தானா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுடுறாங்க. ஒருத்தர் எண்ணுல இன்னொருத்தர் வரைஞ்சிருந்தா, நாளைக்கு மாடிப்படி ஏறுறப்ப பீம்ல தலை இடிச்சாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது.

பதிவு பெற்றவர் முறைகேடா நடந்தா கவுன்சில்லயே புகார் கொடுக்கலாம். கட்டண ஒப்பந்தம், ரசீது, கையெழுத்துப் போட்ட பிளான் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கிடுங்க.